டேப் நடனக் கலைஞர் மேடையில் ஆடுவதில் எவ்வளவு மனோதர்மம், எவ்வளவு ஒத்திகை?

மேலவீதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் நடனம் அறிந்தவன் அல்லன். மிருதங்கம் பதினொரு ஆண்டுகள் கற்று, வேலைக்குப் போன பிறகு வாசிப்பை ஏறக்குறைய விட்டுவிட்டவன். சென்ற மாதம் அலுவலகப் பணியாக நியூயார்க் போயிருந்தபோது, உடன் வேலை செய்பவர் ஒருவர் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் சிறிய ஜாஸ் கிளப்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றுக்கும் முன்னால், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் டேப் நடனம் ஆடினார். (குழாய்க்கும் ஒலிநாடாவுக்கும் சம்பந்தமில்லாத டேப். காலணியின் முனையிலும் குதிகாலிலும் உலோகத் தகடுகளைப் பொருத்திக்கொண்டு தரையில் தட்டி ஆடுவது.)

ஆடத் தொடங்கும் முன் அவர் செய்தவைதான் என்னை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து, இடது காலணியின் தகட்டுத் திருகை ஒரு கால் சுற்று திருப்பினார், தரையில் இரண்டு முறை தட்டிக் கேட்டார், திருப்தியில்லாமல் மறுபடியும் திருப்பினார். கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்கக் கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு மிருதங்கத்தோடு மல்லுக்கட்டிய என் வாத்தியார் நினைவுக்கு வந்தார். பிறகு பியானோக்காரரிடம் குனிந்து பத்துச் சொல்லுக்கு மேற்படாமல் ஏதோ சொன்னார், விரலைச் சொடுக்கினார், அவ்வளவுதான். அடுத்த பன்னிரண்டு நிமிடங்கள் ஒருவரும் தாளைப் பார்க்கவில்லை, கை சைகையும் எனக்குப் புலப்படவில்லை. ஆனால் இரண்டு இடங்களில் வாத்தியக்காரர் மூவரும் ஒரே கணத்தில் நின்றார்கள், ஒரே கணத்தில் மீண்டும் எடுத்தார்கள்.

என் சந்தேகங்கள் இவை. அந்தக் கால்வேலை எல்லாம் மனோதர்மமாக அப்போதே பிறந்ததா, அல்லது நாங்கள் கோர்வையை (முத்தாய்ப்பாக வாசிக்கும் தாளக் கட்டை) முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, தாளம் தொடங்கும் சமத்துக்கோ பாட்டு தொடங்கும் எடுப்புக்கோ கொண்டுவந்து இறக்குவது போல அவரும் கட்டிவைத்த துண்டுகளைத்தான் இறக்கினாரா? பியானோக்காரரின் காதில் என்னதான் சொல்லியிருப்பார்? மூன்றாவதாக ஒன்று, சற்று உலகியல் கேள்வி: இசைக்குழுவோடு ஒட்டிக்கொண்டு, ஒரே ஒரு மரப்பலகையின் மேல் நடக்கும் இந்தக் கலையை நம்பி ஒருவர் ஆயுள் முழுக்கப் பிழைக்க முடிந்திருக்கிறதா?

சலங்கை இல்லாதவள் எழுதியது:

மேலவீதி அவர்களுக்கு வணக்கம். டொராண்டோவில் ஏழு ஆண்டுகளாக இந்த நடனத்தைக் கற்று வருகிறேன். தொழில்முறைக் கலைஞர் அல்லள், ஆனால் மாதம் ஒருமுறை நேரடி இசைக்குழுவோடு ஆடும் கூடுகைகளுக்குப் போய் அவமானப்பட்டு வருவது வழக்கம் என்பதால், உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் தகுதி ஓரளவு உண்டு.

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. அவர் சொன்னது பெரும்பாலும் இப்படி இருந்திருக்கும்: பாட்டின் பெயர்; வேகம் (சொல்லாமல் சொடுக்கிக் காட்டினார், பார்த்தீர்கள்); 'எனக்கு மூன்று சுற்று, பிறகு டிரம்ஸோடு நாலு நாலு, கடைசியில் பாட்டுக்கே திரும்பிவிடலாம்'. சுருதி எதுவென்று நாங்கள் சொல்வதில்லை. எந்தச் சுருதியில் வாசித்தாலும் கால் சம்மதிக்கும். மேடையில் உள்ள அத்தனை பேரிலும் எங்களுக்கு மட்டும் வாய்த்த சலுகை அது.

'சுற்று' என்பதுதான் எல்லாவற்றுக்கும் அச்சு. ஜாஸ் கலைஞர்கள் எடுத்துக்கொள்ளும் பழைய பாட்டுகள் பலவற்றுக்கு ஒரே உடலமைப்பு உண்டு. நான்கு அடி கொண்ட அலகை ஒரு 'பார்' என்பார்கள். எட்டு பாரில் ஒரு மெட்டு, அதே மெட்டு இன்னொரு முறை, பிறகு வேறு நிறத்தில் எட்டு பார், கடைசியில் முதல் மெட்டே மறுபடியும். ஆக 32 பார் ஒரு சுற்று. நடுவில் வரும் அந்த வேறு நிறத்துக்குப் 'பாலம்' என்றே பெயர். பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதி டியூக் எலிங்டன் குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'டேக் தி ஏ டிரெயின்' இந்த அமைப்பில் உள்ள பாட்டு. நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்று 48 வினாடிகளில் முடிந்துவிடும். அந்த 48 வினாடிகளுக்குள் எங்கே நிற்கிறோம் என்பது, யாரும் மெட்டை வாசிக்காதபோதும், நால்வருடைய மனத்திலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குச் சைகை புலப்படாததற்குக் காரணம், சைகை தேவைப்படாததுதான்.

வாத்தியக்காரர் மூவரும் ஒன்றாக நின்ற இடத்துக்கு 'ஸ்டாப் டைம்' என்று பெயர். இசைக்குழு ஒவ்வொரு பாரின் முதல் அடியை மட்டும் கொத்திவிட்டு மீதியைக் காலியாக விடும். அந்த வெற்றிடம் முழுவதும் காலுக்குச் சொந்தம். 'நாலு நாலு' என்பது நீங்கள் நன்கு அறிந்த விஷயத்துக்கு நெருக்கமானது: டிரம்ஸ் நான்கு பார், கால் நான்கு பார் என்று மாறி மாறிப் பேசுவது. கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வரும் குறைப்பு போல எட்டு, நாலு, இரண்டு என்று சுருக்குவதும் உண்டு, சுருக்காமலே போவதும் உண்டு.

இனி முதல் கேள்வி. சொற்கட்டுகள் கைவசம் இருக்கின்றன, அதை யாரும் மறைப்பதில்லை. பாதத்தை முன்னும் பின்னும் வீசி இரண்டு ஒலி எடுப்பது 'ஷஃபிள்'. குதிகாலைக் குத்தி, நுனியைப் பின்னால் இழுத்து, நுனியை வைத்து, குதிகாலை இறக்கி நான்கு ஒலி எடுப்பது 'பேடில் அண்டு ரோல்'. இவற்றை ஆயிரக்கணக்கான முறை சாதகம் செய்திருப்போம். ஆனால் எதற்குப் பின் எது, எங்கே அழுத்தம், எங்கே மௌனம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் பியானோ என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் சொன்ன கோர்வைக் கணக்கோடு இது முழுமையாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். கோர்வை போய்ச் சேர வேண்டியது தாளத்தின் ஓரிடத்துக்கு. இங்கே போய்ச் சேர வேண்டியது பாட்டின் ஓரிடத்துக்கு. தாளம் சரியாக இருந்தும் பாட்டைத் தொலைத்துவிட முடியும்.

தொலைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடுகையில், இரண்டாம் சுற்றின் பாலத்தில் ஒரு நல்ல சொற்கட்டு வாய்த்ததும் அதிலேயே மயங்கி, பாலம் முடிந்தது தெரியாமல் ஆடிக்கொண்டே இருந்தேன். ஓர் அடிகூடப் பிசகவில்லை, ஆனால் நான் இன்னும் பாலத்தில் இருந்தேன், மற்ற மூவரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள். பியானோக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையை அப்படியே விட்டுவிட்டு, வலது கையால் மெட்டின் முதல் நான்கு சுரங்களை மட்டும் சற்று அழுத்தி வைத்தார். கதவைத் திறந்து விளக்கைப் போட்டது போல இருந்தது. அவையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு வீடு போகும் வரை காது சூடாக இருந்தது.

திருப்புளி பற்றி ஒரு வார்த்தை. தகட்டுத் திருகைச் சற்றுத் தளர்த்தினால் ஒலியில் ஒரு சலசலப்பு சேரும், இறுக்கினால் கூர்மையாக வெட்டும். தரைக்குத் தரை அது மாறும். குதிகால் தாழ்ந்த ஒலி, நுனி மேல் ஒலி. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளால் வாசித்திருப்பாரே, கவனித்தீர்களா? காலின் ஒலி அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இந்த மரியாதை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஓர் அரங்கில் 'மரத்தரை' என்று உறுதி சொல்லிவிட்டு, கான்கிரீட்டின் மேல் மரநிறத்து வினைல் விரித்து வைத்திருந்தார்கள். இருபது நிமிடம் ஆடினேன், கணுக்கால் எலும்பு மூன்று வாரம் வலித்தது.

அரைக்கால் இடம் எழுதியது:

மேலே உள்ள பதில் நன்று. ஒரே ஒரு தடை மட்டும் எழுப்புகிறேன். எந்த ஊர்க் கலையைப் பற்றிப் பேசினாலும் 'இது நம் தனி ஆவர்த்தனம் போல' என்று தொடங்கிவிடுவது நம்மவர்களின் பழக்கம். ஒப்பிடுவதில் தவறில்லை, ஆனால் இந்தக் கலை வந்த வழி வேறு. தென் கரோலினாவில் 1739-ஆம் ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசு கொட்டிக்கொண்டு சென்றார்கள் என்பதால், அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவர்களுக்கு முரசைத் தடை செய்தது. கை இழந்ததைக் காலும் தொடையும் எடுத்துக்கொண்டன என்று இந்தக் கலையின் வரலாற்றைச் சொல்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அது மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் போன்ற ஏழைகளின் குடியிருப்புகளில் அயர்லாந்துக்காரர்களின் ஜிக் நடனமும் கறுப்பின மக்களின் நடனமும் ஒரே தெருவில் மோதிக் கலந்ததும் அதே அளவு முக்கியம். 'கை சைகையே இல்லையே' என்று வியக்கும்போது, காலையே வாத்தியமாக்கிக்கொள்ள நேர்ந்தவர்களின் கலை இது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

நம் நாட்டோடு நிஜமான ஒரு தொடுப்பு வேண்டுமானால், அது வட இந்திய நடனமான கதக் வழியாக இருக்கிறது. கொல்கத்தாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாழ்ந்த பண்டிட் சித்ரேஷ் தாஸும் டேப் கலைஞர் ஜேசன் சாமுவல்ஸ் ஸ்மித்தும் 2004-இல் அமெரிக்க நடன விழா ஒன்றில் சந்தித்துக்கொண்டு, அதன் பின் 'இந்தியா ஜாஸ் சூட்ஸ்' என்ற நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றார்கள். மேடையின் ஒரு பக்கம் ஹிந்துஸ்தானி வாத்தியக் குழு, மறுபக்கம் ஜாஸ் குழு. வெறுங்காலில் சலங்கையோடு அறுபதை நெருங்கிய ஒருவர், எதிரே உலோகத் தகடுகளோடு இருபதுகளில் இருந்த ஒருவர். இருவரும் மற்றவருடைய மொழியைப் பேச முயன்ற இடங்களைவிட, அவரவர் மொழியிலேயே பதில் சொன்ன இடங்கள்தான் எனக்குப் பிடித்தன.

நதிக்கரை வாசகன் எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் மனத்தைத் தைக்கும் கேள்வி. நான் பாஸ்டன் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன், ஆகவே இங்கே வளர்ந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னால் விடை தானாக வந்துவிடும்.

ஜிம்மி ஸ்லைட் என்று உலகம் அறிந்தவரின் இயற்பெயர் ஜேம்ஸ் டைட்டஸ் காட்போல்ட். 1927-இல் அட்லாண்டாவில் பிறந்து, சிறு பிள்ளையாகப் பாஸ்டனுக்கு வந்தவர். வயலின் கற்ற பையன். ஸ்டான்லி பிரவுன் என்பவரின் நடனப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்ததும் வில்லை வைத்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். அங்கே 'ஸ்கூல்பாய்' என்று செல்லப்பெயர் கொண்ட எடி ஃபோர்டிடம் சறுக்கும் அசைவைக் கற்றார். ஜிம்மி மிட்செல் என்பவரோடு சேர்ந்து 'ஸ்லைட் பிரதர்ஸ்' என்று இரட்டையராக ஆடினார். உடன்பிறப்பும் இல்லை, ஸ்லைட் என்பது குடும்பப் பெயரும் இல்லை. சறுக்கலே பெயராக ஒட்டிக்கொண்டது. கவுண்ட் பேஸி, டியூக் எலிங்டன் ஆகியோரின் பெரிய இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று ஆடியவர்.

அந்தச் சறுக்கலைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று. உடல் சற்றே பின்னால் சாய, கைகள் லேசாக விரிய, வழுக்கிவிட்டாரோ என்று நாம் பதறும் அளவுக்கு மேடையின் குறுக்கே ஓசையின்றிப் போவார். போகும்போது கேட்பது இசைக்குழு மட்டும். நின்ற இடத்தில், ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அதே விளிம்பில், ஐந்தாறு ஒலிகளைச் சிதறவிட்டு மறுபடி சறுக்குவார். தாள ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பத் துடிப்பவர்கள். இவர் வெற்றிடத்தையே நீட்டி வாசித்தார். வயலினில் நீண்ட வில் போட்டுப் பழகிய கை, பிறகு காலுக்கு இறங்கிவந்தது என்பது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். மனோதர்மம் எவ்வளவு என்று கேட்டீர்களே, இவருடைய ஆட்டத்தில் அதற்கு விடை கால் தட்டிய இடங்களில் அல்ல, தட்டாமல் விட்ட இடங்களில் இருக்கிறது.

இவ்வளவு திறமைக்கும் வாய்த்த காலம் சரியில்லை. அவர் வாலிபத்துக்கு வந்த நேரத்தில் கீழே இருந்த தரையே உருவப்பட்டது. பெரிய இசைக்குழுக்கள் நிகழ்ச்சியின் நடுவே ஒரு நடனக் கலைஞரை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. பதினைந்து பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது கட்டுப்படியாகாமல் போனதும், குழுவோடு நடனமும் போயிற்று. 1944-இல் அமெரிக்க அரசு, நடனமும் பாட்டும் நடக்கும் உணவு விடுதிகளின் மீது 30 விழுக்காடு வரி போட்டது. அதே ஆண்டில் அதை 20 விழுக்காடாகக் குறைத்தாலும், வாத்திய இசை மட்டும் வைத்தால் வரியே இல்லை என்றிருந்தபோது எந்த முதலாளி நடனக்காரரை வைத்துக்கொள்வார்? நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயிலோ 1943-இல் வந்த 'ஓக்லஹோமா!' இசைநாடகத்துக்குப் பிறகு பாலே நடனமே கௌரவமான நடனம் என்றாகிவிட்டது. சறுக்கிப் பழகியவருக்குக்கூட இத்தனை வழுக்கலைத் தாங்குவது கடினம்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தப்பித்தார்கள். ஹோனி கோல்ஸ், அந்த நூற்றாண்டின் மிக நேர்த்தியான ஆட்டக்காரர்களில் ஒருவர், நியூயார்க் ஹார்லெம் பகுதியின் அப்பல்லோ அரங்கில் மேடை நிர்வாகியாகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பிறர் ஆடுவதற்குத் திரை தூக்கினார் என்று சொல்லலாம். பால்டிமோரில் பிறந்த பேபி லாரன்ஸ் சிறு குழுக்களின் பக்கம் போய், சார்லி பார்க்கர் போன்றோரின் பீபாப் என்ற வேகமான ஜாஸ் இசையைக் காலால் வாசித்தார். தனிவாத்தியக்காரரைப் போல அவர் பெயரில் ஓர் இசைத்தட்டே வந்தது, நடனத்துக்கு இசைத்தட்டு! அவர் 1974-இல், இந்தக் கலை மறுபடியும் தலைதூக்கும் முன்பே, இறந்துவிட்டார். அவரை நினைக்கும்போது வருகிற வருத்தம் மற்றவர்களை நினைக்கும்போது வருவதில்லை.

ஸ்லைட் எழுபதுகளில் பாரிஸுக்குப் போய்விட்டார். ஜாஸைச் செவ்வியல் இசையின் மரியாதையோடு உட்கார்ந்து கேட்கும் ஊர் அது. 1985-இல் அங்கே 'பிளாக் அண்டு புளூ' என்ற நிகழ்ச்சி அரங்கேறியது. நான்கு ஆண்டுகள் கழித்து அது பிராட்வேக்கு வந்து 829 முறை நடந்தது. பல ஆண்டுகளாக அதிகம் வேலையின்றிக் கிடந்த ஒரு தலைமுறை, நரைத்த தலையோடு, முழு இசைக்குழுவுக்கு முன்னால் எட்டு வேளை ஆடியது, வாராவாரம். அதே மேடையில் அவர்களோடு பதின்ம வயதுப் பையன் ஒருவனும் ஆடினான்: நியூவார்க்கில் பிறந்த சேவியன் குளோவர். 1989-இல் வந்த 'டேப்' திரைப்படத்திலும் நாயகனாக நடித்த டேப் கலைஞர் கிரிகரி ஹைன்ஸைச் சுற்றி இந்தக் கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து சவால் விடும் காட்சி உண்டு, அதிலும் ஸ்லைட் இருக்கிறார், சிறுவன் குளோவரும் இருக்கிறான்.

பிறகு ஸ்லைட் நியூயார்க்கில் 'லா காவ்' என்ற இடத்தில் வாரந்தோறும் ஒரு கூடுகையை நடத்தினார். நேரடி இசைக்குழு இருக்கும், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம், பாட்டைத் தொலைத்தால் எல்லார் முன்னிலையிலும் தொலைக்கலாம். டொராண்டோ சகோதரி போய் வருகிற கூடுகைகளுக்கும் நீங்கள் பார்த்த நிலவறைக்கும் அதுதான் மூதாதை என்பேன். பள்ளிக்கூடத்தில் அடவு கற்கலாம், இசைக்குழுவோடு பேசக் கற்க இசைக்குழுதான் வேண்டும். 1999-இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் அவருக்குத் தேசிய மரபுக் கலைஞர் விருதை அளித்தது. 2008-இல், எண்பது வயதில், இதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலமானார்.

ஆக, பிழைக்க முடிந்ததா என்றால், இளமையில் முடிந்தது, முதுமையில் முடிந்தது. நடுவில் இருந்த முப்பது ஆண்டுகளுக்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

மேலவீதி எழுதியது:

மூவருக்கும் நன்றி. அரைக்கால் இடம் அவர்களின் கண்டிப்பை ஏற்கிறேன்; மிருதங்கம் கற்றவனுக்கு உலகமே மிருதங்கமாகத் தெரிகிறது. கம்பித் தூரிகை விஷயமும் உண்மைதான், டிரம்ஸ்காரர் நடனம் தொடங்கியதும் குச்சிகளைக் காலடியில் வைத்தார், எனக்குக் காரணம் புரியவில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கலைஞர் பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினார். அவைக்கு முதுகு காட்டுவது நம் மேடைகளில் மரியாதைக் குறைவு. இது அவர் பழக்கமா, மரபா?

சலங்கை இல்லாதவள் எழுதியது:

வாத்தியக்காரர்களைப் பார்க்கத் திரும்பியிருப்பார். சேவியன் குளோவர் மீது இந்தக் குறை பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. பத்து வயதை ஒட்டி பிராட்வேயில் நுழைந்தவர், 1996-இல் 'பிரிங் இன் த நாய்ஸ், பிரிங் இன் த ஃபங்க்' நிகழ்ச்சிக்காக நடன அமைப்புக்கான டோனி விருது (பிராட்வே நாடகங்களுக்கு அளிக்கப்படுவது) பெற்றவர். குழந்தைகளோடு 'ஹேப்பி ஃபீட்' பார்த்திருந்தால், அந்தப் பென்குவின் ஆடுவது இவருடைய கால்தான். சிரித்த முகமும் விரித்த கையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அவர் முதுகு எரிச்சலூட்டும். என் கட்சி அவர் பக்கம். பேஸ் வாசிப்பவர் அவைக்காக முகம் திருப்பிக்கொண்டா வாசிக்கிறார்? ஆனால் ஸ்லைட் அவையையும் விடவில்லை, குழுவையும் விடவில்லை என்பதை நதிக்கரை ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். தலையை மட்டும் திருப்பி இரண்டையும் நடத்தத் தெரிந்தவர்கள் அந்தத் தலைமுறையினர்.

முகம் வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்றால் ஒரு பதிவைச் சொல்கிறேன். 1965 செப்டம்பர் 16 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் எலிங்டன் தன் முதல் புனித இசை நிகழ்ச்சியை நடத்தினார். அதில் தாவீது அரசன் ஆண்டவர் முன்னிலையில் ஆடியதைக் குறிக்கும் பகுதிக்கு ஆடியவர் பன்னி பிரிக்ஸ். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் இதே நிகழ்ச்சி நடந்தபோது செய்த பதிவு இசைத்தட்டாக வந்தது. எலிங்டன் முன்பே எழுதியிருந்த 'கம் சண்டே' என்ற நிதானமான மெட்டுதான் அங்கே வேகம் கூட்டி வருகிறது. குழுவும் பாடகர்களும் பின்னால் நிற்க, முன்னால் இரண்டு பாதங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முதலில் ஏதோ ஒரு தாளவாத்தியம் என்றுதான் தோன்றும். குதிகால் இறங்கும் ஒலி வந்ததும் ஆள் தெரிந்துவிடுவார்.

அதற்கு முன் 'டேக் தி ஏ டிரெயின்' ஏதாவது ஒரு பதிவை எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் தனியாக வாசிக்கும் பகுதியில், மெட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே பாலத்தைப் பிடிக்கப் பாருங்கள். விரலில் எண்ணாதீர்கள். எண்ணினால் தாளம் கிடைக்கும், பாட்டு கிடைக்காது.

மேலவீதி எழுதியது:

நேற்று இரவு முயன்றேன். பழக்க தோஷத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு எண்ணினேன், முதல் சுற்றிலேயே ஒரு பார் பின்தங்கிவிட்டேன். பிறகு நீங்கள் சொன்னபடி கையை மடித்து வைத்துக்கொண்டு மெட்டைப் பாடினேன். முதல் இரண்டு சுற்றிலும் பாலம் சரியாக வந்தது. மூன்றாவதில் டிரம்பெட் வாசித்தவர் ஏதோ அருமையாக ஒன்று செய்தார், அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்; நினைவு வந்தபோது பாலம் தாண்டிப் போயிருந்தது.